சிறிய ஜெனரேற்றரும் கிணற்று மோட்டரும்

மின்கம்பம் வந்து சேராத காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்களும், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்யும் குடும்பங்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஒரு சின்ன ஜெனரேற்றர் வாங்கினால் கிணற்று மோட்டரை ஓட்டலாமோ?" என்பதே அக்கேள்வி. ஓட்டலாம். ஆனால் எந்த மோட்டருக்கு எந்த ஜெனரேற்றர் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பின்பு கணக்குப் பார்த்த ஒன்பது குடும்பங்களின் அனுபவத்தோடு இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

2011ஆம் ஆண்டு, வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்று. ஒன்பது குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு. ஆடி, ஆவணியில் அதன் நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விடும். மேலே வைத்த இறைப்பு இயந்திரத்தால் அந்த ஆழத்திலிருந்து நீரை உறிஞ்ச முடியாது. எந்தப் பம்பியானாலும் உறிஞ்சி எடுக்கக்கூடிய உயரம் நடைமுறையில் 20 அல்லது 22 அடிதான். அதற்குமேல் நீரைக் கீழிருந்து தள்ளத்தான் வேண்டும். அவர்களில் ஒரு பெரியவரிடம் நீருக்குள் இறக்கும் ஒரு பரிவலு மோட்டர் இருந்தது. இடம்பெயர்ந்தபோது மற்றச் சாமான்களை விட்டுவிட்டு அதைச் சாக்கில் கட்டி லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றியவர் அவர். மோட்டர் இருக்கிறது, மின்சாரந்தான் இல்லை என்று ஒன்பது குடும்பமும் காசு சேர்த்து 2 கிலோவாற் ஜெனரேற்றர் ஒன்றை வாங்கி வந்தார்கள்.

ஜெனரேற்றர் நன்றாக ஓடியது. மின்குமிழ் பிரகாசமாக எரிந்தது. மோட்டரின் சுவிச்சைப் போட்டதும் ஜெனரேற்றர் திணறி இரைந்தது, குமிழ் மங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து உறுமல் சத்தம் மட்டும் வந்தது, நீர் வரவில்லை. நிறுத்தினார்கள், மீண்டும் போட்டார்கள். ஐந்தாறு தடவை இப்படியே நடந்தது. பிறகு உறுமலும் நின்றுபோயிற்று. மேலே தூக்கிப் பார்த்தபோது உள்ளே கம்பிச்சுருள் கருகியிருந்தது. நாற்று நடப் பாத்தி கட்டியிருந்த வெங்காயத் தோட்டம் அந்தப் போகம் காய்ந்தது.

"தம்பி, ஒரு பரிவலு எண்டால் முக்கால் கிலோவாற் எண்டுதானே பள்ளிக்கூடத்தில சொல்லித்தந்தவை. ரெண்டு கிலோவாற் மெசின் அதை ஏன் இழுக்கேல்லை?" என்று அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்டார். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நாங்களும் நினைத்தோம். பின்னர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையும், நாங்களே அளந்து பார்த்தவற்றையும் இங்கே தருகிறோம்.

பெரியவர் சொன்ன கணக்கு பிழையல்ல. ஒரு பரிவலு என்பது 746 வாற். ஆனால் அது மோட்டரின் அச்சு வெளியே தரும் வலு. அதைத் தருவதற்குச் சிறிய மோட்டர் ஒன்று ஏறத்தாழ 1,100 வாற் மின்சாரத்தை உள்ளே வாங்குகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. அதுகூடப் பெரிய விடயமல்ல. 2,000 வாற் தரும் இயந்திரத்துக்கு 1,100 வாற் சுமையல்லவே. சிக்கல் ஓடும்போது அல்ல, ஓடத் தொடங்கும்போதுதான் வருகிறது.

நெல் ஏற்றிய வண்டில் சேற்றில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அசைக்க நான்கு பேர் தோள் கொடுக்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் மாடே இழுத்துக்கொண்டு போகும். மோட்டரும் அப்படித்தான். ஓடும்போது 6 அம்பியர் எடுக்கும் ஒரு பரிவலு மோட்டர், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒன்றிரண்டு கணங்களில் 25 முதல் 35 அம்பியர் வரை கேட்கும். பொதுவாக இது ஓடும் அளவின் நான்கு முதல் ஏழு மடங்கு. மின்சார சபையின் கம்பியிலிருந்து எடுக்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை. வீட்டுக் குமிழ் ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் 2 கிலோவாற் ஜெனரேற்றர் 230 வோல்ற்றில் தரக்கூடிய முழு மின்னோட்டமே 9 அம்பியருக்குக் கிட்டத்தான். அதனிடம் 30 அம்பியர் கேட்டால் என்ன நடக்கும்? வோல்ற்றளவு விழுந்துவிடும். வோல்ற்றளவு விழுந்தால் மோட்டருக்குச் சுழலும் பலம் கிடையாது. சுழலாத மோட்டர் அந்த உச்ச மின்னோட்டத்தையே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். உறுமும் மோட்டர் கருகுவது இதனால்தான்.

இது கிணற்று மோட்டருக்கு மட்டும் உரிய குணமல்ல. குளிரூட்டிப் பெட்டியின் கொம்பிரசருக்கும் இதே குணந்தான். அமெரிக்காவில் வீடு போல அமைத்த வண்டிகளில் ஊர் சுற்றுவோர் வண்டியின் கூரையில் வளிச்சீராக்கி பூட்டிக்கொள்கிறார்கள். ஓடும்போது 1,500 வாற் அளவில் எடுக்கும் அந்தப் பெட்டி, கிளம்பும்போது 3,000 வாற்றை எட்டிவிடும். 2,000 வாற் என்று எழுதிய கைப்பெட்டி ஜெனரேற்றரை நம்பிப் போனவர்கள் வெயிலில் இருந்து வியர்த்த கதைகள் அங்கே ஏராளம். அவர்களுக்குப் போனது ஒரு நாள் சுகம். நமக்குப் போவது ஒரு போகம்.

அப்படியானால் எவ்வளவு பெரிய ஜெனரேற்றர் வேண்டும்? உச்ச மின்னோட்டம் முழுவதையும் தரக்கூடிய இயந்திரம் தேவையில்லை. நல்ல ஜெனரேற்றர் ஒரு கணம் தன் அளவுக்கு மேலேயே கொடுக்கும். வோல்ற்றளவு சற்று விழுந்து, மோட்டர் சுழலப் பிடித்ததும் மீண்டும் ஏறிவிடும். ஆகவே மோட்டர் ஓடும்போது எடுக்கும் வாற்றைப்போல மூன்று மடங்கு என்பதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். அரைப் பரிவலு மோட்டருக்கு 2 கிலோவாற். ஒரு பரிவலு மோட்டருக்கு 3 முதல் 4 கிலோவாற். ஆழ்கிணற்றுக்குள் இறக்கும் மோட்டரானால் இந்த அளவின் மேல்பக்கத்திலேயே நில்லுங்கள்.

கடையில் ஜெனரேற்றரின் தகட்டை வாசிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச வலு. சில கணங்களுக்கு மட்டும் தரக்கூடியது. தொடர்ந்து தரக்கூடிய வலு தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். அதையே கணக்கில் எடுங்கள். அடுத்தது, கிலோவாற் என்பதற்குப் பதிலாகக் கேவிஏ என்று எழுதியிருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 2 கேவிஏ என்றால் 1.6 கிலோவாற் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. இரைச்சல் குறைந்த, இலேசான இன்வேற்றர் வகை ஜெனரேற்றர்கள் இப்போது நிறைய வருகின்றன. எண்ணெய்ச் செலவு குறைவு, தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் நல்லவை. ஆனால் அளவுக்கு மேல் கேட்ட கணமே அவற்றின் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய பாணி இயந்திரம் திணறித் திணறியாவது மோட்டரைக் கிளப்பிவிடும் இடத்தில் இவை மறுத்துவிடும். கிணற்று வேலைக்கு நாங்கள் பழைய பாணி இயந்திரத்தையே விரும்புகிறோம்.

இனி வயரைப் பற்றிப் பார்ப்போம். எங்கள் ஒன்பது குடும்பங்களின் மோட்டர் கருகியதில் பாதிப் பழி வயரையே சேரும். ஜெனரேற்றரைப் பாதுகாப்புக்காக வீட்டோரத்தில் வைத்துவிட்டு, கிணறுவரை வீட்டு வயர்த் துண்டுகளை முறுக்கி ஒட்டி இழுத்திருந்தார்கள். மெல்லிய வயர் மின்னோட்டத்துக்குத் தடையாக நிற்கும். எவ்வளவு தடை என்று பாருங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 50 மீற்றர் தூரம் மின்சாரம் போய் வருவதென்றால் அது 100 மீற்றர் வயர். அதன் தடை 1.2 ஓம். மோட்டர் ஓடும்போது 6 அம்பியருக்கு 7 வோல்ற் இழப்பு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிளம்பும்போது 30 அம்பியருக்கு 36 வோல்ற் இழப்பு. ஜெனரேற்றர் முழு 230 வோல்ற்றைத் தந்தாலும் மோட்டருக்குப் போய்ச் சேர்வது 194 வோல்ற்தான். மோட்டரின் சுழலும் பலம் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். எனவே 194 வோல்ற்றில் அதன் பலம் பத்தில் ஏழு பங்காகிவிடும். இதோடு ஜெனரேற்றர் பக்கத்து வீழ்ச்சியும் சேர்ந்தால் மோட்டர் எப்படிச் சுழலும்?

அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 22 வோல்ற்றாகக் குறைகிறது. வயர் சுற்று ஒன்றின் விலையைக் கேட்டதும் மனம் பின்வாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வயர் வாங்கக் காசில்லை என்றால் ஜெனரேற்றரைக் கிணற்றுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். எவ்வளவு கிட்ட என்பதைப் பின்னால் சொல்கிறோம். வெறுமனே முறுக்கி நாடா சுற்றிய ஒட்டுகளை அறவே தவிருங்கள். ஒட்டு சூடாகும், தளரும். நீர் பட்டால் ஆளையே பிடிக்கும். நீருக்குள் இறக்கும் மோட்டரைத் தூக்க வயரைப் பிடித்து இழுப்பவர்களையும் கண்டிருக்கிறோம். மோட்டரோடு நைலோன் கயிறொன்றைக் கட்டி, அதில்தான் இறக்கவும் ஏற்றவும் வேண்டும்.

ஓட்டும் ஒழுங்கு எளியது. ஜெனரேற்றரைத் தனியே கிளப்பி இரண்டு மூன்று நிமிடம் சூடேற விடுங்கள். அதில் வேறெதுவும் பூட்டியிருக்கக் கூடாது. ஒரு குமிழ் மட்டும் அடையாளத்துக்கு இருக்கலாம். பிறகு மோட்டரைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் மோட்டர், அதன் பின்பே ஜெனரேற்றர். பெற்றோல் முடிந்து ஜெனரேற்றர் தானாக நிற்கும்வரை மோட்டரை ஓடவிடுவது கெட்ட பழக்கம். இயந்திரம் தள்ளாடும் அந்தக் கடைசி நிமிடத்தில் வோல்ற்றளவு ஏறி இறங்கி மோட்டரையும் ஜெனரேற்றரின் சுருளையும் ஒருங்கே வதைக்கும்.

மோட்டரைப் போட்டதும் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் உறுமல் மாறி ஓட்டச் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்க ஆசை வரும். அந்த ஆசைதான் மோட்டரைத் தின்கிறது. ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். இடம்பெயர்ந்து திரும்பிய வீடுகளில் பல மாதம், சில வேளை பல வருடம் கிடந்த மோட்டர்களில் இரண்டு குறைகளை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒன்று, துருவும் உப்பும் ஏறி உள்ளே சில்லு இறுகியிருக்கும். மேலே வைத்து ஓட்டும் மோட்டரானால், வயரை முற்றாகக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையால் சுற்றாத அச்சை மின்சாரமும் சுற்றாது. மற்றது, கொண்டென்சர் செத்துப்போயிருக்கும். மோட்டரைக் கிளப்பிவிடுவது அந்தச் சிறு உருளைதான். மலிவான பொருள், பட்டணத்தில் எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோபரட் அளவையே கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் கொண்டென்சருக்குள் மின் தங்கியிருக்கும் என்பதால் அதன் முனைகளை வெறுங்கையால் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவையும் செய்தாலும் இது கட்டுப்படியாகுமா? இந்தக் கேள்வியை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

ஒரு பரப்புக் காணிக்கு ஓரங்குல நீர் பாய்ச்ச ஏறத்தாழ 6,400 லீற்றர் வேண்டும். ஒரு பரிவலு மோட்டர் 40 அடி உயரத்துக்கு நிமிடத்துக்கு 190 லீற்றர் அளவில் தரும் என்று வைத்தால், ஒரு பரப்புக்கு அரை மணிக்குச் சற்று மேல். நான்கு பரப்பு வெங்காயத்துக்கு இரண்டேகால் மணி நேரம். அந்த மோட்டரை ஓட்டும் ஜெனரேற்றர் மணிக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல் பெற்றோல் குடிக்கும். ஆக ஓர் இறைப்புக்கு இரண்டரை லீற்றர். அதே நீரை, நேரடியாக இயந்திரம் பூட்டிய இரண்டங்குலப் பம்பி ஒன்று ஏறத்தாழப் பாதி எண்ணெயில், பாதி நேரத்தில் இறைத்துவிடும். காரணம் விளங்கக்கூடியதே. ஜெனரேற்றரின் இயந்திரம் தரும் வலுவில் காற்பங்கு மின்சாரமாக்கும்போது போகிறது. எஞ்சியதில் மூன்றிலொரு பங்கு மோட்டரில் போகிறது. நூறாகப் புறப்பட்டது பம்பிக்கு வரும்போது ஐம்பது.

ஆகவே நீர்மட்டம் 20 அடிக்குள் இருக்கும் கிணற்றுக்காக ஜெனரேற்றர் வாங்காதீர்கள் என்றே சொல்வோம். உங்களிடம் இருக்கும் இறைப்பு இயந்திரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். 1990களில் வடக்கில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றிருந்த காலத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத் தோட்டங்களைக் காப்பாற்றியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் இப்போது பெற்றோல் ஜெனரேற்றருக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெய்க்கென்று செய்த இயந்திரத்தில் அழுத்தம் குறைவாக வைத்திருப்பார்கள். பெற்றோலுக்கென்று செய்ததில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உள்ளே தட்டும், கரி பிடிக்கும், பிளக் நனையும். மிச்சம் பிடித்த காசு திருத்தக்காரரிடம் போய்விடும்.

ஜெனரேற்றர் உண்மையில் கைகொடுப்பது ஆழமான கிணற்றுக்கும் குழாய்க்கிணற்றுக்குந்தான். அங்கே மேலிருந்து உறிஞ்ச வழியில்லை. இறைப்பு இயந்திரத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்துக்குக் கிட்ட ஒரு பலகையில் வைத்து ஓட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இந்த வழக்கம் ஆளைக் கொல்லும். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெற்றோலோ மண்ணெண்ணெயோ எரியும் எந்த இயந்திரத்தின் புகையிலும் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனை ஏந்தும் இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். அதுவும் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல், கால் சோர்வு, மயக்கம். வெயிலில் வேலை செய்தவருக்கு இது களைப்புப் போலவே தோன்றும். காற்றோட்டமில்லாத கிணற்றுக்குள் இயந்திரம் ஓடினால் இந்த வாயு அங்கேயே தங்கும். இயந்திரத்தை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரே கிணற்றில் இருவர் மூவராக இறந்தது பல தடவை நடந்திருக்கிறது. அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒட்சிசன் குறைந்திருப்பதை அது காட்டும். காபனோரொட்சைட்டைக் காட்டாது. ஆளைக் கொல்லும் அளவு இந்த வாயு இருக்கும் இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இழுக்க ஆளில்லாமல், அந்தக் காற்றுக்குள் எவரும் இறங்கக் கூடாது. கத்தி ஆட்களைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை.

ஜெனரேற்றர் இருந்தால் புகை விடும் இயந்திரம் மேலே நிற்கும், புகை விடாத மோட்டர் கீழே போகும். எண்ணெய்ச் செலவு கூடினாலும் ஆழ்கிணற்றுக்கு நாங்கள் இதையே பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் மேலே நிற்பதை எங்கே நிறுத்துவது? கிணற்றின் வாயிலிருந்தும், ஆட்கள் இருக்கும் எந்தக் கொட்டிலிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. சோளகம் வீசும் மாதங்களில் கிணற்றுக்கு வடகிழக்கே வைத்தால் புகை கிணற்றுப் பக்கம் வராது. புகைவாய் வெளிப்புறம் பார்த்திருக்க வேண்டும். 20 அடி என்பது எங்கள் சொந்தக் கணக்கல்ல; அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவும் அதையே சொல்கிறது. புயலால் மின்சாரம் நின்ற நாட்களில் வீட்டுக்குள்ளும் வாகனக் கொட்டகைக்குள்ளும் ஜெனரேற்றர் ஓட்டி, தூக்கத்திலேயே குடும்பமாக இறந்தவர்கள் அங்கே பலர்.

மழைக்காலம் வந்தால் ஜெனரேற்றர் நனைகிறதே, களவு போய்விடுமே என்று அதைத் தரப்பாள் கொட்டிலுக்குள் இழுத்துவிடத் தோன்றும். கதவு திறந்திருக்கிறது, தட்டியில் ஓட்டை இருக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள். தரப்பாள் கொட்டில் வீட்டைவிட மோசமானது, ஏனென்றால் அதன் காற்றளவு சிறியது. நனையாமலிருக்க நான்கு கம்பு நட்டு, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களை மறைக்க வேண்டாம். இரவில் ஓட்டவே வேண்டாம். பிள்ளைகளுக்குத் தலையிடி, வாந்தி என்று ஒரே நேரத்தில் இருவர் மூவருக்கு வந்தால் காய்ச்சல் என்று படுக்க வைக்காமல், முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்தி, ஆசுபத்திரிக்குப் போங்கள். மருத்துவரிடம் ஜெனரேற்றர் ஓடியதைச் சொல்ல மறக்காதீர்கள்.

மின்சாரம் வந்த வீடுகளில், மின்வெட்டு நேரத்தில் இரு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் சொருகும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. உங்கள் மின்சாரம் கம்பத்தின் வழியே திரும்பிப் போய், ட்ரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாகப் பெருகி, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரைக் கொன்றுவிடும். வீட்டு வயரிங்கோடு இணைப்பதானால் மாற்றுச் சுவிச் ஒன்றைத் தகுதியுள்ளவரைக் கொண்டு பூட்டுவியுங்கள். தோட்டத்துக்கு மட்டுமென்றால் அதுவும் தேவையில்லை. மோட்டரின் மூன்று கம்பிப் பிளக்கை ஜெனரேற்றரிலேயே நேரே சொருகுங்கள். அந்த மூன்றாவது கம்பியை வெட்டிவிடாதீர்கள். ஜெனரேற்றரோடு ஓடும்போது வீட்டு றிப் சுவிச்சு காப்பாற்றும் என்று நம்ப முடியாது. மோட்டர் ஓடும் நேரத்தில் யாரும் கிணற்று நீரில் கால் வைக்க வேண்டாம், குளிக்கவும் வேண்டாம்.

சூரிய ஒளியில் ஓடும் பம்பிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டரை மெல்ல மெல்ல வேகமெடுக்க வைப்பதால் நாம் மேலே சொன்ன கிளம்பும் சிக்கல் அவற்றில் இல்லை. எண்ணெயும் வேண்டாம். முதற்செலவுதான் தடை. உதவித் திட்டம் எதிலாவது கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஜெனரேற்றரைக் கேட்காமல் அதைக் கேளுங்கள். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒன்பது குடும்பங்களுக்குத் திரும்புவோம். கருகிய மோட்டருக்குக் கம்பி சுற்றக் கொடுத்தார்கள். ஜெனரேற்றரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. பெரிய ஜெனரேற்றர் வாங்கக் காசில்லை. எனவே ஜெனரேற்றருக்கேற்ற மோட்டரைத் தேடினார்கள். சங்கத்தின் சுழல்நிதியில் கடன் எடுத்து அரைப் பரிவலு மோட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். 2.5 வயர் 20 மீற்றர் வாங்கினார்கள். ஜெனரேற்றரைக் கிணற்றிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார்கள். மோட்டர் முதல் தடவையிலேயே பிடித்தது. நிமிடத்துக்கு 90 லீற்றர் அளவில்தான் நீர் வந்தது. நான்கு பரப்புக்கு ஐந்து மணி நேரம் போனது. மூன்று லீற்றருக்கு மேல் பெற்றோல் முடிந்தது. ஆகவே வெங்காயத்தை இரண்டு பரப்பாகக் குறைத்து, மிளகாய்க்கு வைக்கோல் மூடி, விடியற்காலையில் மட்டும் இறைத்தார்கள். யார் எத்தனை மணி ஓட்டினார், எவ்வளவு பெற்றோல் ஊற்றினார் என்று ஒரு கொப்பியில் எழுதினார்கள். அந்தக் கொப்பியை வைத்திருந்தது பெண்கள் சங்கம். முன்பு ஆண்கள் வைத்திருந்தபோது இரண்டு மாதத்தில் தொலைந்துவிட்டது.

மின்கம்பம் மூன்று வருடம் கழித்து வந்தது. கம்பி சுற்றிய ஒரு பரிவலு மோட்டரைப் பெரியவர் பழையபடி சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தார். இறக்கும்போது எங்களையும் கூப்பிட்டார். கொண்டென்சரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.